லக்முவின் அடக்கம்

ரயில்வே கேட்டைப் போட்டுட்டான் பாத்தீங்களா தம்பி. சரி, இருக்கட்டும். எஞ்சினை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. பின்னால ஐஸ் பெட்டி ஓடணும்லா? டீசலுக்கு நான் பொறுப்பு. இந்த வெயில்ல அது நின்னுபோச்சுன்னா அப்புறம் வண்டிக்குள்ள யாரும் உக்கார முடியாது. அந்தப் பொம்பள வேற பெட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு.

உங்க பேரு என்ன சொன்னீங்க? இசக்கிராஜாவா? நல்ல பேரு. நான் ஏசுவடியான். பஜார்ல 'ஏசுவடியான் பெயிண்ட்ஸ்' பாத்திருப்பீங்க, நம்ம கடைதான். எங்க சபைக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். சும்மா யாரும் தூக்கிக் கொடுத்த பதவி இல்ல தம்பி. ஒவ்வொரு தடவையும் எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சு வாரேன். எங்க சபையில எல்லாத்துக்கும் ஓட்டுதான். அசனம் இருக்குல்லா, சர்ச் கட்டின நாளுக்கு வருஷா வருஷம் ஊரைக் கூட்டிச் சோறு போடுவோமே, அதுக்கு ஆடா கோழியான்னுகூட ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணுவோம். இந்த நாட்டுல ஜனநாயகம் மிச்சம் இருக்குன்னா அது எங்க கமிட்டி ரூம்லதான் இருக்கு. இதை நான் மேடையிலயே பேசியிருக்கேன். கைதட்டு வாங்கியிருக்கேன்.

எங்க போகணும்னு கேக்குதீங்க. நியாயமான கேள்விதான். கேட்டைத் திறக்கட்டும், சொல்லுதேன். அதுக்குள்ள யாராவது போன் பண்ணுவாங்க. காலையில இருந்து எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்.

பெட்டிக்குள்ள இருக்கிறவன் லக்மு. சத்தீஸ்கர்க்காரன், அங்க காட்டுப் பக்கம். நம்ம ஊர்ல சென்ட்ரிங் வேலை பாத்தான். முந்தாநாள் பலகை சரிஞ்சு விழுந்துட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவே இல்ல. பின்னால இருக்கிறது அவன் பொண்டாட்டி. பேரு என்னமோ சுக்கு, சுக்குமதி... நமக்கு நாக்குல வர மாட்டேங்குது. இந்திக்காரங்கதான். இந்தி இல்ல, வேற பாஷைன்னு அவன் எத்தனையோ தடவை சொன்னான். எல்லாம் ஒண்ணுதான் நமக்கு. கண்ணாடியைத் திறந்து வைங்க தம்பி, காத்தாவது போகட்டும் உள்ள. தாராளமாப் பேசுங்க, அதுக்குத் தமிழ் தெரியாது.

அவன் ஏன் நம்ம ஊருக்கு வந்தான் தெரியுமா? அவங்க அப்பா செத்துட்டாரு. கிறிஸ்தவங்களா மாறின குடும்பம். அங்க ஊர்க்காரங்க, 'எங்க மண்ணுல உன் ஆளைப் புதைக்கக் கூடாது'ன்னுட்டானுவ. சொந்த நிலம் தம்பி, சொந்தத் தோட்டம். அதுலயே குழி தோண்ட விடல. லக்மு அப்பனைத் தோள்ல தூக்கிட்டுக் காட்டு வழியா நடந்துபோய் எங்கயோ வேற ஊர்ல புதைச்சான். திரும்பி வந்தா வீடு இல்ல. கூரையைப் பிரிச்சுப் போட்டிருந்தானுவ. அதோட கிளம்பி வந்தவன்.

இது எப்படி எனக்குத் தெரியும்னா, போன வருஷம் நான் ஒரு கண்டன ஊர்வலம் நடத்தினேன். வடக்க நம்ம ஜனங்களுக்கு நடக்கிற கொடுமையைக் கண்டிச்சு. எல்லார் கையிலயும் மெழுகுவத்தி. பஜார்ல மேடை போட்டு இவனை ஏத்திச் சாட்சி சொல்ல வச்சேன். அவன் பேச, கூட வேலை பாக்குற ஒருத்தன் தமிழ்ல சொன்னான். எங்க சபையே அழுதுச்சு தம்பி. பொம்பளைங்க முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. நான் மைக்கைப் பிடிச்சு, 'செத்த மனுசனுக்கு ஒரு குழி கொடுக்காத தேசம் ஒரு தேசமா?'ன்னு கேட்டேன். போட்டோ எல்லாம் பேப்பர்ல வந்துச்சு.

அதுக்கப்புறம் அவன் ஒரு ஞாயித்துக்கிழமை விடாம ஆராதனைக்கு வந்தான். அவனோட இன்னும் கொஞ்சம் பேரும் வந்தாங்க. உள்ள பெஞ்சுல உக்காந்தா சில பேருக்குச் சங்கடம். நான் சொல்லல தம்பி, சொல்லுதாங்க. வாடை வருதுங்காங்க, குட்கா போடுறாங்கங்காங்க. லக்மு வெத்தலைகூடப் போட மாட்டான், அது வேற விஷயம். சபைன்னா எல்லாரையும் அனுசரிக்கணும்லா? அதனால வெளிய ஷீட் கொட்டகைக்குள்ள சேர் போட்டுக் கொடுத்தேன். தனி ஃபேன், தனி ஸ்பீக்கர். உள்ள இருக்கிறவங்களுக்குக்கூட அந்தக் காத்துக் கிடையாது. அசனத்துக்கும் அப்படித்தான், பந்தியில உக்கார வச்சு யாரும் முகம் சுளிச்சா அவங்க மனசு நோகும்லா? பார்சலா கட்டி, கறி கூடுதலா வைக்கச் சொல்லி நானே நின்னு கொடுத்தேன். எங்கிட்ட இந்த ஜாதி, மொழி, கலர் எதுவும் கிடையாது.

சர்ச் கோபுரத்து உச்சியில சிலுவை இருக்குல்லா? அதுக்கு வெள்ளை அடிச்சது இவன்தான். நம்ம ஊரு பெயிண்டர் எவனும் அந்த உசரத்துக்கு ஏற மாட்டேன்னுட்டான். இவன் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறிட்டான். கூலி கொடுத்தா வாங்கல, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். பைபாஸ்ல வரும்போது பாருங்க, இப்பவும் மின்னும். நல்ல எனாமல், நம்ம கடைச் சரக்கு.

அந்தா வருது பாருங்க ரயிலு. கூட்ஸ் வண்டி. இனி இது போய் முடியறதுக்குள்ள...

என்ன தம்பி? நம்ம சபைக் கல்லறையில வைக்க வேண்டியதுதானன்னு கேக்குதீங்களா? கேப்பீங்கன்னு தெரியும். காலையில இருந்து எல்லாரும் இதையே கேக்குதாங்க. சொல்லுதது சுலபம். என் இடத்துல வந்து உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

எங்க கல்லறைத் தோட்டம் ரெண்டு பக்கமா இருக்கு. மேலத்தெருக்காரங்களுக்கு மேல்பக்கம், கீழத்தெருக்காரங்களுக்குக் கீழ்ப்பக்கம். நடுவுல ஒரு சுவர். ஜாதிச் சுவர்னு பேப்பர்காரன் எழுதிட்டான். அப்படிக் கிடையாது தம்பி, அந்தந்தக் குடும்பம் அவங்கவங்க ஆட்களோட படுத்திருக்காங்க, அவ்வளவுதான். நாங்க மேலத்தெரு. இவனை எந்தப் பக்கம் வைக்கிறது? மேல்பக்கம் வச்சா எங்க ஆட்கள், 'எந்த ஜாதின்னே தெரியாதவனை எங்க அப்பா அம்மா பக்கத்துல வைப்பியா'ன்னு கேக்குதாங்க. சரின்னு கீழ்ப்பக்கம் கேட்டேன். அங்க செல்லக்கனி டீச்சர்னு ஒரு அம்மா இருக்கு. கீழத்தெருக்கு அதுதான் தலைவி, அடுத்த மாச எலெக்‌ஷன்ல எனக்கு எதிரா நிக்குது. அந்த அம்மா கமிட்டியில எழுந்து என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உங்களுக்கு வேண்டாம்னு தோணுறதை எல்லாம் எங்க பக்கம் தள்ளுறதுதான் இந்தச் சபையில வழக்கம். அந்தப் பையனை நாங்க வேண்டாம்னு சொல்லல. நடுச்சுவரை இடிங்க. சுவர் இருந்த இடத்துல அவனை வைங்க. நாங்களே வந்து குழி வெட்டுதோம்.'

பாத்தீங்களா? செத்தவனை வச்சு அரசியல். எங்க தாத்தா காலத்துச் சுவர் தம்பி. ஒரு வடநாட்டுக்காரனுக்காக இடிக்க முடியுமா? இடிச்சா எங்க ஆட்கள் எனக்கு ஓட்டுப் போடுவாங்களா?

இதுக்கு நடுவுல ராமசுப்பு. தெரியும்லா? ஊர்ப் பாதுகாப்பு மன்றம்னு கொடி கட்டிக்கிட்டு நாலு பைக்ல சுத்துவாங்களே, அவங்களுக்கு அவன்தான் தலைவன். எங்கூடப் படிச்சவன். எங்க கல்லறைக்குப் போற பாதை தேர் வீதியை ஒட்டிப் போகுது. நேத்து காலையில கடைக்கு வந்தான். நாலு ஆளு கூட. நான் பயந்துட்டேன், மறைக்க மாட்டேன். ஆனா வந்தவன் என் தோள்ல கையைப் போட்டு, 'ஏசுவடியா, உன்னையோ உன் சபையையோ நாங்க என்னைக்காவது வேத்து ஆளா நினைச்சிருக்கமா? நீ நம்ம ஊர்க்காரன். நம்ம ரத்தம். சாமி மட்டும்தான் மாறிப்போச்சு. ஆனா எங்கயோ இருந்து வந்தவனை எல்லாம் இந்த மண்ணுல வைக்காத. நாளைக்கு அதைக் காட்டி இன்னும் நூறு பேரு வருவான்'ன்னு சொன்னான். 

எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு தம்பி. நம்ம ரத்தம்னுட்டானே! ஊர்வலத்தன்னைக்கு இவன் ஆட்கள்தான் மேடை மேல கல்லை விட்டெறிஞ்சது. அப்பேர்ப்பட்டவன் வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் நான் இந்த ஊர்ல நடந்துக்கிட்டதுக்கு அது ஒரு மரியாதைதான? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். 'பாத்துக்கிடுதேன் ராமசுப்பு'ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? இன்ஸ்பெக்டரைக் கேட்டா, 'உங்களுக்குள்ள பேசி முடிங்க, எனக்குத் தலைவலி வைக்காதீங்க'ங்காரு. எங்க ஐயரு, அதான் எங்க குருவானவரை ஐயருன்னுதான் கூப்பிடுவோம், அவரு கன்வென்ஷனுக்கு வெளியூர் போயிருக்காரு. போன் போட்டேன். 'கமிட்டி எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம் செயலாளர் ஐயா, நான் ஜெபத்துல வச்சுக்கிடுதேன்'ன்னு வச்சுட்டாரு. எல்லாரும் கையைக் கழுவிட்டாங்க. கடைசியில கயிறு என் கழுத்துல.

அதனாலதான் ஓட்டுக்கு விட்டேன். நேத்து சாயங்காலம் கமிட்டி. நான் என் சொந்த விருப்பத்துக்கு எதுவும் செய்யல. இடம் கொடுக்கலாமா, வேண்டாமா, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம் தம்பி. வேண்டாம்னு முடிவாயிடுச்சு. மெஜாரிட்டி சொல்லுதது முடிவு. நான் அதுக்குக் கட்டுப்பட்டவன். ஜனநாயகம்னா சும்மாவா?

என்ன? கூட்ஸ் போயிட்டுதா? அப்புறம் ஏன் திறக்க மாட்டேங்கான்? ஓ, எதிர்ல இன்னொண்ணு வருதாக்கும். பின்னால பாருங்க, பஸ்ஸு, லாரின்னு எவ்வளவு நிக்குது. திரும்பவும் வழி இல்ல. என்னமோ என் நிலைமையை அப்படியே ரோட்டுல நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு.

என்னம்மா? என்ன வேணும்?

தண்ணியா? இந்தா, இந்தா... தம்பி, அந்தப் பாட்டிலை எடுங்க. மூடியைத் திறந்து கொடுங்க. குடிம்மா.

தமிழ் பேசுது தம்பி! 'ஐயா, தண்ணி'ன்னு எவ்வளவு சுத்தமாச் சொல்லுது. ஏம்மா, உனக்குத் தமிழ் தெரியுமா? எங்க படிச்ச? தீப்பெட்டி ஆபீஸ்லயா? நம்ம பொம்பளைங்ககூட உக்காந்து குச்சி அடுக்கிக் கத்துக்கிட்டியாக்கும். நல்லது. நல்லதும்மா. நாங்க பேசினது... சரி, நீ இரு. கண்ணாடி திறந்தே இருக்கட்டும். உனக்காகத்தான் அலையுதோம், தெரியும்லா? அழாத. ஆண்டவர் ஒரு வழி திறப்பாரு.

அழவே இல்லையே தம்பி அது. முந்தாநாள்ல இருந்து பாக்குதேன், ஒரு சொட்டு இல்ல. பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு அப்படியே இருக்கு.

மெதுவாப் பேசுதேன். எங்க விட்டேன்? ஆமா, ஓட்டு. யாரோட ஓட்டு அந்த ஒரு ஓட்டுன்னு கேக்குதீங்களா? அது ரகசிய ஓட்டு. கேக்கக் கூடாது. அதுதான் அதோட அழகே. செல்லக்கனி டீச்சர் நேத்தே வாசல்ல நின்னு கேட்டுச்சு, 'நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க செயலாளர், உங்க சீட்டுல என்ன எழுதினீங்க?'ன்னு. எவ்வளவு தைரியம் பாருங்க. நான் ஒண்ணும் வேண்டாம்னு எழுதல தம்பி. 'தற்சமயம் வேண்டாம்'னுதான் எழுதினேன். தற்சமயம்னு ஒரு வார்த்தை போட்டிருக்கேன்லா? கதவை ஒரேயடியா மூடல. எண்ணினவன் அதையும் வேண்டாம் பக்கம் சேத்துட்டான், அதுக்கு நான் என்ன செய்ய?

ஆனா பொறுப்பைத் தட்டிக் கழிக்கல. காலையில ஆஸ்பத்திரியில பிணத்தை வாங்கினது யாரு? நான். உங்க வண்டியைப் பேசினது யாரு? நான். எங்க ஆட்கள்ல எவனாவது வந்தானா? முதல்ல பக்கத்து ஊர் சர்ச்சுக்கு, அந்தச் சேகரத்துக்குப் போனோம், நீங்கதான் பாத்தீங்களே. அவங்க செயலாளர் வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டே, 'உங்க சபைக்கு வந்த ஆளை உங்க சபையில வைக்காம எங்ககிட்ட ஏன் கொண்டு வந்தீங்க?'ன்னு கேட்டுட்டான். கேட்டைக்கூடத் திறக்கல. அப்புறம் அந்தப் பெந்தெகொஸ்தே பாஸ்டர். நல்ல மனுசன், உக்காரச் சொன்னாரு, மோர் கொடுத்தாரு. பெட்டியைப் பாத்து ஜெபம்கூடப் பண்ணினாரு. பண்ணிட்டு, 'சகோதரர் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவரா?'ன்னாரு. தலையில தண்ணி தெளிச்சாங்களா, ஆளையே முக்கினாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? காட்டுக்குள்ள எந்த ஆத்துல யாரு முக்கினாங்களோ! தெரியாதுன்னேன். தெரியாட்டா கஷ்டம்னுட்டாரு. மோரைக் குடிச்சிட்டு வந்தோம்.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் எங்க போக? முன்னால போனா கேட்டு. பின்னால போனா ராமசுப்பு தேர் வீதி முக்குல ஆளை நிறுத்தி வச்சிருக்கான். சபைக்குப் போனா எங்க ஆட்கள். கல்லறைச் சாவி இந்தப் பையிலதான் இருக்கு, இதோ. சாவி இருந்து என்ன? நான் திறந்தேன்னா அன்னையோட நான் செயலாளர் இல்ல. கடைக்கு ஒருத்தன் வர மாட்டான். இந்த ஊர்ல மேலத்தெருவையும் பகைச்சு, மன்றத்தையும் பகைச்சு ஒரு டப்பா சுண்ணாம்பு விக்க முடியாது தம்பி. எனக்கு அவன் மேல ஒரு வருத்தமும் இல்ல. நல்ல பையன். என்னைப் பாத்தா 'ஐயா, பிரைஸ் தி லார்டு'ன்னு சிரிப்பான். நேத்து சீட்டை எழுதும்போதுகூட அந்தச் சிரிப்புதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. நின்னு என்ன செய்ய? எழுதித்தான ஆகணும்.

திறந்துட்டான், திறந்துட்டான். எடுங்க வண்டியை. எங்கயா? மொதல்ல தாண்டுங்க, பின்னால ஹாரன் அடிச்சுக் கொல்லுதான். தாண்டி அந்தப் பெட்ரோல் பங்குக்கு முன்னால ஓரமா நிறுத்துங்க. யோசிப்போம்.

இங்கனயே நிறுத்துங்க. நிழல் இருக்கு. என்ன தம்பி, பேட்டரியா? பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? அப்படிச் சொல்லாதீங்க. பயமுறுத்தாதீங்க.

என்னம்மா தட்டுத? இரும்மா, யோசிச்சிக்கிட்டு இருக்கோம்லா? என்ன?

என்ன சொன்ன?

எரிச்சிருங்கன்னா சொன்ன?

தம்பி, கேட்டீங்களா? சுடுகாட்டுக்குக் கொண்டு போயி எரிச்சிருங்கன்னு சொல்லுது. அதுவே சொல்லுது. நான் சொல்லல, நீங்க சாட்சி. ஏம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா? உங்க வழக்கத்துல... எங்க வழக்கத்துலயும் கிடையாது. ஆனா தப்புன்னு சொல்ல முடியாது. வெளிநாட்டுல எல்லாம் நம்ம ஜனங்களே எரிக்காங்க. ஆண்டவருக்கு மண்ணுல இருந்து எழுப்பத் தெரியும்னா சாம்பல்ல இருந்து எழுப்பத் தெரியாதா? ரொம்ப புத்திசாலித்தனமா ஒரு முடிவு எடுத்திருக்கம்மா. இதை நேத்தே சொல்லியிருந்தா...

என்ன? சொல்லு, கேக்குதேன்.

தம்பி, இது என்னமோ சொல்லுது, கேளுங்க. அவங்க மாமனாரு செத்தப்போ ஊர்க்காரங்க சும்மா விரட்டலையாம். பேச்சு நடந்துச்சாம். 'பிணத்தை எங்க முறைப்படி எரிச்சிருங்க, நாங்க பழைய சாமிக்கே திரும்பிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வீடு, நிலம் எல்லாம் உங்களுக்கே'ன்னாங்களாம். சிதைக்கு விறகைக்கூட அவங்களே அடுக்கி வச்சுட்டாங்களாம். இதுதான் கெஞ்சியிருக்கு. 'எரிச்சிருவோம், செத்தவருக்கு என்ன தெரியப் போகுது, நம்ம வீட்டுலயே இருப்போம்'ன்னு அவன் காலைப் பிடிச்சு அழுதிருக்கு. லக்மு மாட்டேன்னுட்டானாம். 'தெக்க போனா நம்ம ஜனங்க இருக்காங்க, தமிழ்நாட்டுல சர்ச்சு இருக்கு, அங்க யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க'ன்னானாம். அதை நம்பி அவன் பின்னாலயே வந்திருக்கு.

இதை மேடையில ஏன் சொல்லல? மொழிபெயர்த்தவன் விட்டுட்டானோ என்னமோ. இல்ல, நான்தான் நேரமாச்சுன்னு மைக்கை வாங்கிட்டேன்.

என்னம்மா சொல்லுத இப்ப? 'மாமனாரை அங்கயே எரிச்சிருந்தா என் வீட்டுக்காரர் உசிரோட இருந்திருப்பாரு'ங்கியா... அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா. அது அவிசுவாசம்.

என்னை ஏன் தம்பி அப்படிப் பாக்குதீங்க? அதுவே கேட்டது, நான் கேக்கல. சரி, ராமசுப்புக்கு ஒரு போன் போடுவோம். சுடுகாட்டுக் கமிட்டியும் அவன் கையிலதான். முறைப்படி கேட்டுட்டா ஒரு தொந்தரவும் இருக்காது. பாத்தீங்களா, காலையில இருந்து அலைஞ்சதுக்கு ஒரு வழி திறந்துட்டுது. ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் ஆண்டவரே.

ஹலோ, ராமசுப்பு? நான்தான். ஆமா, இன்னும் வண்டியிலதான் இருக்கேன். ஒரு நல்ல விஷயம். புதைக்கல. நம்ம சுடுகாட்டுலயே எரிச்சிரலாம்னு அந்தப் பொம்பளயே... ஆமா, அதுவே சொல்லிட்டுது. கொட்டகையைத் திறந்து விடச் சொல்லணும். சரி. விறகுமா? அது எதுக்கு, நாங்களே... சரி, சரி. ரொம்ப நன்றி. என்ன? இல்ல, அது இவனுக்கு மட்டும்தான். இந்த ஒரு தடவை... ராமசுப்பு, நீ என்ன சொல்லுத? நீதான நேத்து நம்ம ரத்தம்னு... இல்ல, ஓட்டுன்னா நான் ஒத்துக்கிடுவேன், ஆனா அது எங்க கமிட்டி ஓட்டு. ஊரு ஓட்டு இல்ல... ஹலோ? ஹலோ?

வச்சுட்டான்.

இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க. எனக்கு அந்தத் தண்ணியைக் கொடுங்க.

என்ன சொல்லுதான் தெரியுமா? 'ரொம்ப நல்ல முடிவு ஏசுவடியா, கொட்டகை, விறகு எல்லாம் எங்க செலவு'ங்கான். 'பாத்தியா, எரிச்சா ஒரு பிரச்சினையும் இல்ல. உங்க ஆட்களே எரிக்கலாம்னு ஒத்துக்கிட்டீங்கள்லா? இனி உங்க சபை மொத்தமும் இதையே வழக்கமா வச்சுக்கிடுங்க. தேர் வீதிப் பக்கம் எதுக்குப் பிணம் போகணும்? அடுத்து வாற ஊர்க் கூட்டத்துல வச்சு கல்லறைப் பாதையை அடைச்சிருவோம். உனக்குத்தான் ஓட்டுன்னா உசிராச்சே, கைதூக்கியே முடிவு பண்ணிக்கிடுவோம்'ங்கான். சிரிக்கான் தம்பி. ஊர்ல மெஜாரிட்டி அவங்கதான்னு எனக்குத் தெரியாதா?

சாவுக்கு யாராவது ஓட்டு எடுப்பாங்களா? எந்த ஊர் நியாயம் இது? புதைக்கிறதுக்கு நாலு பேரு கையைத் தூக்கணுமா? மனுசன் செத்தா மண்ணுக்குப் போகணும், அதை எண்ணிப் பாத்து முடிவு பண்ண இவனுவ யாரு?

அங்க என் வீட்டுக்காரி இருக்கா தம்பி. கமலம். மேல்பக்கம், வேலி ஓரத்துல. போன தை மாசம்தான் கல்லுப் பதிச்சேன். பக்கத்துல ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன், எனக்கு.

இசக்கி தம்பி, வேண்டாம். சுடுகாடு வேண்டாம். வண்டியைத் திருப்புங்க, கல்லறைக்கே போவோம். வாறது வரட்டும். செல்லக்கனி டீச்சருக்குப் போன் போடுதேன், அவங்க ஆட்களைக் கூட்டிட்டு வரட்டும், தேர் வீதியில ஒண்ணா நின்னுக்கிடுவோம். சுவரைத்தான இடிக்கணும்? இடிச்சிருவோம். ஏம்மா, கேட்டியா? உன் வீட்டுக்காரனைப் புதைக்கலாம். நான் இருக்கேன், நான் செயலாளர், நான் திறந்து விடுதேன். ஒருத்தன் தடுக்கட்டும் பாப்போம்.

என்னம்மா தலையை ஆட்டுத?

வேண்டாமா? ஏன் வேண்டாம்? 'உங்க சண்டைக்கு அவரைக் கொண்டு போகாதீங்க'ங்கியா? என் சண்டை இல்லம்மா, நம்ம சண்டை. நம்ம எல்லாருக்கும் சேத்துத்தான். நீயும் நானும் ஒரே சபைதான? நேத்து... நேத்து விஷயத்தை விடும்மா. இன்னைக்குச் சொல்லுதேன்ல. இவ்வளவு நேரம் இடம் இடம்னுதான அலைஞ்ச? இப்ப இடம் இருக்கு, வா.

தம்பி, வண்டியை ஏன் எடுக்குதீங்க? நான் இன்னும் பேசி முடிக்கல. அதுக்கு என்ன தெரியும், துக்கத்துல இருக்கு. வாடகை பேசினது நான். அந்தப் பக்கம் வேண்டாம், அது சுடுகாட்டு ரோடு. இடதுல திருப்புங்க, இடதுல. சொன்னாக் கேளுங்க. 'அந்தம்மாதான் சொந்தக்காரி, அது சொல்லுறபடிதான்'ங்கீங்களா? அப்ப நான் யாரு? அம்மா சுக்குமதி, ஒரு வார்த்தை சொல்லும்மா இவர்ட்ட. நான் கும்பிட்டுக் கேக்குதேன்.

நிறுத்துப்பா. கொட்டகை தெரியுது, ஆட்கள் நிக்குதானுவ, நிறுத்து. இவனை எரிச்சுட்டா நாளைக்கு என்னை எங்கப்பா கொண்டு போவாங்க?